ஆமாம் என்றால் வலது கை

மாலை ஏழு மணி. விடாத மழை. ஆஸ்பத்திரிக்குப் போகும் சாலையில் ஈ, காக்கா இல்லை. ஸ்கூட்டரில் ஒருத்தி மட்டும், தாமதமாகிவிட்டதே என்று பதறிக்கொண்டு...

சிரிக்காதீர்கள். இது நம்ம கூட்டாளி சோடாபுட்டியின் மச்சினிக்கு நடந்தது. கதவைச் சாத்திவிட்டு வந்து உட்காருங்கள்.

அசையாமல் கிடப்பவர்களுக்கு உள்ளே நினைவு இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலை. வயர் வைத்த தொப்பியைத் தலையில் மாட்டிக் கேள்வி கேட்பாள். 'ஆமாம்' என்றால் வலது கையை மடக்குவதாக மனதுக்குள் நினைக்க வேண்டும். 'இல்லை' என்றால் கால் விரல்களை. எதை நினைத்தார்கள் என்பதைத் திரையில் ஓடும் கோடு காட்டிக்கொடுத்துவிடும்.

அன்று படுக்கையில் ஒரு பஸ் டிரைவர். இரண்டு மாதமாகக் கண் திறக்கவில்லை. அன்றும் பதில் வராவிட்டால் மறுநாள் மூச்சுக் குழாயை எடுத்துவிடுவார்கள். பக்கத்தில் அவர் மனைவி... பாவம், நகத்தைக் கடித்துக் கடித்து விரலெல்லாம் ரத்தம்.

"நான் பேசுறது கேக்குதாங்க?" அந்த அம்மாவே கேட்டார்.

டிக்... டிக்... கோடு எழும்பியது. வலது கை.

"நம்ம பொண்ணு முதமுதல்ல சொன்னது 'அம்மா'வா?"

கால் விரல்.

"ஆமாங்க, 'பூனை'ன்னுதான் சொன்னா!" அந்த அம்மா குலுங்கிக் குலுங்கி அழுதார். "வீட்டுக்கு வந்துடுறீங்களா?"

வலது கை. கோடு திரையைத் தாண்டிப் போனது.

மகளிடம் சொல்ல அந்த அம்மா அடுத்த தெருவிலிருந்த வீட்டுக்கு ஓடினார். மச்சினிக்கும் கண் கலங்கிவிட்டது. தொப்பியைக் கழற்றப் போனாள். அப்போதுதான் பார்த்தாள்... டிரைவரின் தொப்பி வயர் மேஜையில் சும்மா கிடந்தது.

மெஷினில் செருகியிருந்தது பொம்மைத் தலையின் வயர். மெஷின் சரியாக இருக்கிறதா என்று சோதிக்க உப்பு ஜெல்லி அடைத்த பிளாஸ்டிக் தலை ஒன்று வைத்திருப்பார்கள். அதற்கும் ஒரு தொப்பி உண்டு. வந்த அவசரத்தில் வயரை மாற்ற மறந்திருக்கிறாள்.

மாற்றிச் செருகி டிரைவரிடம் கேட்டாள். கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டாள். பதிலே இல்லை.

மறுபடியும் பொம்மையின் வயர். ஜெல்லியின் உப்பு வாடை குப்பென்று அடித்தது.

"நீங்க... அந்த டிரைவர்தானே?"

டிக்... கால் விரல்.

அதோடு கோடு படுத்துவிட்டது. அப்புறம் எழும்பவே இல்லை.

டிரைவர் படுக்கையில் அப்படியே கிடக்க, அந்த அம்மாவுக்குப் போன் போட்டாள். நெடுநேரம் மணி அடித்தது... எடுத்தார். கிசுகிசுத்த குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"மெதுவா பேசும்மா... இப்பதான் வந்து படுத்தாரு."