யூரியா போட்ட பச்சை

— அந்தச் சட்டியக் கீழ வைங்க, ஒலி அண்ணாச்சி. ஒரு பிடி கூட வீசப்பிடாது, சொல்லிட்டேன்.

— என்ன முத்துவடிவு, காலங்காத்தால வரப்புல வந்து சட்டம் பேசுத? என் உரம், என் வயலு.

— உங்க வயலுதான், யாரு இல்லன்னா? வரப்புக்கு அந்தப் பக்கம் என் வயலு கெடக்குலா. இந்த இலையப் பாத்தீங்களா?

— பாத்தேன். புள்ளி புள்ளியா விழுந்துருக்கு. சத்து பத்தல. அதான யூரியா போடுதேன்.

— சத்து பத்தலன்னு எந்த மகராசன் சொன்னான்? கண்ணாடியப் போட்டுட்டு நல்லாப் பாருங்க. புள்ளி உருண்டையாவா இருக்கு? ரெண்டு முனையும் கூம்பி, கண்ணு கணக்கா இருக்கா? நடுவுல சாம்பலு, ஓரத்துல காப்பிக் கலரு.

— ஆமா, இருக்கு.

— இது குலை நோவு அண்ணாச்சி. போன வருசம் கார் சாகுபடியில என் வயலத் தின்னுச்சே, அதே பூசணம். அப்ப நானும் உங்கள மாதிரிதான் சத்து பத்தலன்னு யூரியாவ வீசுனேன். பயிரு கருகருன்னு எந்திரிச்சு வந்துச்சு. நானும் பூரிச்சுப் போயி நின்னேன். ஒரே வாரத்துல தீயில வாட்டுன மாதிரி ஆயிட்டு.

— எனக்கு என்னத்தத் தெரியும்? ஆயுசு பூரா ரியாத்துல லாரி ஓட்டுனவன். வயலெல்லாம் என் வீட்டுக்காரி ஜாஹிரா பாத்துக்கிட்டா.

— அவ உசுரோட இருந்தா உங்கள இந்தச் சட்டியத் தொட விட்டிருக்க மாட்டா. நட்டதுல இருந்து எத்தன தடவ போட்டீங்க? உள்ளதச் சொல்லணும்.

— ரெண்டு தடவ... மூணு இருக்கும்.

— ஏ யாத்தே! கோட்டி புடிச்சிருச்சா உங்களுக்கு? சாரல் வேற விடாமத் தூறுது. குத்தாலத்துக்கு வண்டி கட்டி வாரவனுக்கு இது குளுகுளுன்னு இருக்கும். நமக்கு அப்படியா? ராவெல்லாம் குளிரு, விடிஞ்சும் இலையில ஈரம் காயல, அதுக்கு மேல யூரியா. அந்தப் பூசணத்துக்கு விருந்துல்லா வச்சிருக்கீங்க!

— பச்சையா இருக்கட்டுமேன்னுதான்...

— யாரு கண்ணுக்கு?

— விடு வடிவு.

— விட மாட்டேன். இங்கன ரெண்டு வயலு போகப் போகுது. யாருக்குப் பச்ச?

— நிலோபருக்கு. தெனமும் காலையில வயல போட்டோ எடுத்து சார்ஜாவுக்கு அனுப்புவேன். எம்மவ அதப் பாக்கத்தான் செய்வா, ஒண்ணும் எழுத மாட்டா. ஒரு நா மட்டும் "என்ன வாப்பா, வெளிறிக் கெடக்கு"ன்னு எழுதுனா.

— சரி, அதுக்கு?

— அவ உம்மா மவுத்துக்கு வந்துட்டுத் திரும்பிப் போனதுக்குப் பொறவு அவளா என்கிட்ட கேட்ட ஒரே கேள்வி அது. அன்னைக்கே கடைக்கு ஓடிப் போயி மூட்டைய வாங்கியாந்தேன். பச்ச கட்டுச்சு. அனுப்புனேன். "இப்ப நல்லாருக்கு"ன்னு எழுதுனா. சந்தோசத்துல எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. மறுபடியும் பேச்சு நின்னு போச்சு. இன்னும் கொஞ்சம் பச்ச கூடுனா எழுதுவான்னு போட்டேன், பாரேன்.

— அட கோட்டிக்கார மனுசா! கூப்பிட்டுப் பேச வேண்டியதுதான?

— கூப்பிட்டா "வேலையா இருக்கேன் வாப்பா"ம்பா. அவ சின்னப் பிள்ளையா இருக்கையில ரியாத்துல இருந்து நானும் அதத்தான சொன்னேன்? எம்பிள்ள வளந்ததயே நான் போட்டோவுலதான் பாத்தேன். இப்ப அவ பிள்ளைகளுக்கு லீவு விட்டாச்சு. வயலு நல்லா இருந்தா பாக்க வருவாள்லா? வீட்டுல என்ன இருக்கு? நானும் டிவியும். மனுசக் குரலு கேக்கட்டும்னு அது பாட்டுக்கு ஓடும், என்ன ஓடுதுன்னு கூடப் பாக்குதது இல்ல.

— எங்க வீட்டுக்காரரும் திருப்பூர்லதான் கெடக்காரு. எனக்கும் பேச ஆளு இல்ல, பயிருகிட்டத்தான் பேசுதேன். அதுக்காக உரத்தக் கொட்டிக் கொல்லுதேனா?

— ஏசாத வடிவு. இப்ப என்ன செய்யணும், அதச் சொல்லு.

— யூரியாப் பேச்சே எடுக்கப்பிடாது. தண்ணிய வத்த விடாதீங்க, வயலு காஞ்சா நோவு இன்னும் ஏறும். வரப்புல நிக்குத புல்ல பூரா அறுத்துரணும், அதுலயும் இந்தச் சனியன் ஒட்டியிருக்கும். இந்த இலையில ரெண்டு பறிச்சுட்டுப் போயி வேளாண்மை ஆபீஸ்ல காட்டுங்க. அவங்க எழுதித் தார மருந்த மட்டும் வாங்குங்க. சாரல் வெறிச்சதும் ரெண்டு வயலுக்கும் ஒண்ணா அடிச்சிருவோம். உங்களுக்கு மட்டும் அடிச்சு என்ன, எனக்கு மட்டும் அடிச்சு என்ன?

— தப்பிச்சிருமா?

— இப்ப இலையோட நிக்கு. கதிருக் கழுத்துல ஏறிட்டுன்னா அம்புட்டும் பதருதான். கதிரு எட்டிப் பாக்கையில இன்னொரு தடவ கவனிக்கணும். கொஞ்சம் போகும் அண்ணாச்சி, பொய் சொல்ல மாட்டேன். மிச்சத்தக் காப்பாத்திரலாம்.

— சரி. அதுவரைக்கும் அந்தத் தென்ன மரத்தடி மூலைய மட்டும் எடுத்து அனுப்புதேன். அங்கன இன்னும் புள்ளி விழல.

— எதுக்கு அந்தத் திருட்டுத்தனம்? இந்த இலைய எடுத்து அனுப்புங்க.

— இதப் பாத்தா வரவே மாட்டா.

— நல்ல பயிரப் பாத்து வந்துட்டாளோ? அந்த ஃபோன இங்கன குடுங்க. உங்க கையெல்லாம் உரம்.

— வேண்டாம் வடிவு... ஏய், சொன்னாக் கேளு... அனுப்பிட்டியா?

— அனுப்பியாச்சு.

— யா அல்லா! என்ன காரியம் பண்ணிட்ட நீ!

— பாத்துட்டா, டிக்கு ரெண்டும் நீலமாயிட்டு. இந்தா, கூப்பிடவே செய்யுதா. ஸ்பீக்கர்ல போட்டுருக்கேன், பேசுங்க. ம், பேசுங்கன்னா!

— வாப்பா! என்ன இது, இலையெல்லாம் இப்படிக் கெடக்கு? உங்களுக்கு ஒண்ணும் இல்லல்லா?

— நிலோபரு... எனக்கு ஒண்ணும் இல்லம்மா. பயிருக்குத்தான் நோவு. நாந்தான் யூரியாவப் போட்டுப் போட்டுக் கெடுத்துட்டேன். மருந்து அடிச்சாச் சரியாயிரும்ங்குதா நம்ம முத்துவடிவு. எப்படியும் பழையபடி ஆக்கிருதேன். இதப் பாத்துட்டு லீவுக்கு வராம இருந்துராத தாயி.

— வயலப் பாக்கவா வாப்பா நான் வரணும்?

— பின்ன வேற என்ன இருக்கு இங்கன, ஒனக்குக் காட்டுததுக்கு?

— உம்மாவுக்கு நாப்பதாம் நாள் கத்தம் ஓதி முடிஞ்ச அன்னைக்கு, எங்கூட வந்துருங்கன்னு உங்க கையப் புடிச்சுக் கேட்டேன். நீங்க வாயே தொறக்கல. நான் சார்ஜாவுல வந்து எறங்குன மறுநாள்ல இருந்து உழவு, நாத்து, நடவுன்னு தெனமும் வயலா அனுப்புதீங்க. எனக்கு இது போதும், நீ வேண்டாம்னுதான் தெனமும் சொல்லுதீங்கன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் வாப்பா.