எட்டுக்கு மேல் ஏறாத எண்

என் பெயர் வளர்மதி, வயது 31, கணவர் பெயர் சிலம்பரசன். மந்தாரக்குப்பம் கீழத்தெருவில் குடியிருந்து வருகிறேன். சுரங்கத்துக்குக் கூலி ஆள் அனுப்பும் காண்டிராக்டர் கொளஞ்சிநாதன் ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். நான் போட்டிக் கம்பெனியிடம் பணம் வாங்கிக்கொண்டு அவருடைய டெண்டர் கார்டை வேண்டுமென்றே பூட்ட வைத்ததாக அவர் ஸ்டேஷனில் கொடுத்த மனு எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. அது பொய்.

டெண்டரை ஆன்லைனில்தான் போட வேண்டும். கையெழுத்துக்குப் பதிலாக, காண்டிராக்டர் பெயரில் உள்ள கார்டை ரீடரில் செருகி ரகசிய எண் கொடுக்க வேண்டும். மூன்று முறை தவறினால் கார்டு பூட்டிக்கொள்ளும். அவர் தன் செல் நம்பரையே ரகசிய எண்ணாக வைத்திருந்தார். அது ஃபேன்சி நம்பர். லாரி, வேன், திருவிழா பேனர் எல்லாவற்றிலும் அதுதான் இருக்கும், அதில் ரகசியம் ஒன்றும் கிடையாது. இதுவரை கம்ப்யூட்டர் கீபோர்டில் அடித்து வந்தோம், பத்தும் ஏறியது.

டெண்டர் போடக் கடைசி நாளில் பழைய ரீடர் வேலை செய்யவில்லை. அதன் பிறகு அவர் பண்ருட்டி போய், மேலேயே நம்பர் பட்டன் வைத்த புது ரீடர் வாங்கி வந்தார், இதில் எண்ணை அந்தப் பட்டனில்தான் அமுக்க வேண்டும். நான் அமுக்கியதில் அதன் திரையில் எட்டு எண்ணுக்கு எட்டு நட்சத்திரம் விழுந்தது, மீதி இரண்டு விழவில்லை. ஓகே கொடுத்ததும் தவறு என்று காட்டியது. "எட்டுக்கு மேல ஏறமாட்டேங்குதுங்க சார், இந்த மிஷின் அவ்ளோதான் எடுக்கும் போல" என்றேன். அதற்கு அவர், "ஊரே இந்த நம்பருக்குத்தான் போன் பண்ணுது, இதுக்கு மட்டும் ஏறாதா? அழுத்தி அமுக்கும்மா" என்றார். அழுத்தி அமுக்கினேன். மறுபடியும் தவறு. அதன் பிறகு நான் பயந்து கையை எடுத்துவிட்டேன். அவர் "தள்ளு" என்று சொல்லி, மூன்றாவது முறை தானே அமுக்கினார். கார்டு பூட்டிக்கொண்டது. திறக்க சென்னைக்கு அனுப்ப வேண்டும், அதற்குள் டெண்டர் முடிந்துவிட்டது. அவர் சத்தம் போடவில்லை. டீ வாங்கி வரச் சொன்னார், வாங்கிக் கொடுத்தேன். மறுநாள் என் மேல் மனு கொடுத்திருக்கிறார்.

என் கணவரும் அவரிடம்தான் கூலி ஆளாக இருந்தார். டெண்டர் போனதால் வேலை போன ஆட்களில் அவரும் ஒருவர். யார் அமுக்கினது என்று அவர் கேட்கவில்லை. நான் சோறு போடும்போது என் முகத்தைப் பார்க்காமல், "எவ்ளோ குடுத்தாங்க?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொன்னபடியே எழுதி வாசித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் உண்மை, வேறு சொல்ல ஒன்றும் இல்லை.

(ஒப்பம்) சி. வளர்மதி