அக்கா போட்ட சத்தம்

"இண்டைக்கு நான் வெள்ளையளைக் கத்தித்தான் விலத்துறது."

ஒஸ்லோவிலிருந்து காட்டுக்கு ஏறும் ரயிலில், எனக்குப் பின்னால் இருந்த அக்கா, தங்கை இருவரில் அக்காவின் குரல் இது. எல்லோர் கையிலும் பனியில் சறுக்கும் ஸ்கீ கட்டைகள். தொப்பியும் சால்வையும் முகத்தை மூடியிருந்ததால் என்னையும் ஒரு நோர்வேக்காரன் என்றே நினைத்திருப்பார்கள்.

"போன கிழமையும் இப்பிடித்தான் சொன்னனீங்கள். பிறகு ஒரு மனிசிக்கு வழி விட்டுப் பத்தைக்குள்ளை விழுந்தனீங்கள்."

"அவ தடத்துக்கு நடுவிலை நிண்டு தோடம்பழம் உரிச்சவ. எப்பிடியடி கத்துறது?"

"இறக்கத்திலை வாறவை 'லொய்ப்பே' எண்டு கத்தினா நிக்கிறவை விலத்தவேணும். அதுதான் இஞ்சத்தை முறை. அரசாங்கக் காடு அக்கா, உங்களுக்கும் அவைக்கும் ஒரே தடம்தான்."

"வந்த நாளிலையிருந்து மன்னிப்புக் கேட்டே பழகிப்போனன். வாய் வருகுதில்லை."

"அத்தானுக்குக் கத்துறதிலை பாதி கத்தினாலே காணும்."

காட்டில் நான் அவர்களுக்கு முன்னால் புறப்பட்டேன். முதல் இறக்கத்திலேயே தடத்தின் நடுவில் நின்று, ஸ்கீயைக் கழற்றிவிட்டு நடந்து இறங்கினால் யாராவது பார்ப்பார்களா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். மேலேயிருந்து காடே அதிர ஒரு சத்தம் வந்தது.

"லொய்ப்பே!"

"ஐயோ!" என்று பாய்ந்து, பனிக்குள் தலைகுப்புறப் போனேன். அக்கா நிமிர்ந்த தலையோடு கடந்து போனார்.

"அக்கா! விழுந்தது எங்கடை ஆள்!" என்று பின்னால் தங்கை கத்தினாள்.

"ஆராயிருந்தா என்ன, விலத்தினவர்தானே!"