நிழல் பக்கத்து மடி

விழுப்புரத்தில் பேருந்து கிளம்பியதும், வெயில் பக்கம் உட்கார்ந்திருந்த ஓர் அம்மா துணிப்பை ஒன்றை எதிர்ப்பக்கம் நீட்டினார். எனக்கு முன் சீட்டில் இருந்த வேட்டிக்காரர் அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"திண்டிவனம் வரைக்கும் வெச்சிக்கினு வாங்கண்ணா. உள்ள இருக்கறதுங்களுக்கு வெயில் ஆவாது."

நான் கைப்பேசியைப் பைக்குள் போட்டேன்.

"கோழிக்குஞ்சாம்மா? சத்தமே காணோம்."

"நுண்ணுயிர் உரம்ண்ணா. நாளைக்கு மல்லாட்டை வெதைக்கிறோம், வெதையில கலக்க வாங்கினு போறேன். பார்க்கத்தான் பொடி, அத்தினியும் உயிரோட இருக்குது."

"அதெல்லாம் வேலை செய்யுதா?"

"செய்யாம? போன தபா கடலைச் செடியப் புடுங்கிப் பார்த்தேன், வேர் பூரா முடிச்சு. நசுக்கினா உள்ள ரத்தம் மாதிரி செவப்பு. காத்துல இருக்கற சத்தைப் புடிச்சி செடிக்குக் குடுக்குதுங்க. யூரியாவையே கொறைச்சிட்டேன்."

"நானும் போட்டேம்மா. ஒரு முடிச்சு கூட இல்ல. பேஜாராப் பூடுச்சு."

"அரிசிக் கஞ்சியிலதான கலந்தீங்க?"

"கஞ்சியிலதான். நல்லா ஒட்டட்டும்னு அடுப்புலேர்ந்து எறக்கி, கொதிக்கக் கொதிக்க ஊத்தினேன்."

அந்த அம்மா எழுந்து வந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பையைக் குடுங்கண்ணா."

"ஏம்மா, நிழல்லதான வெச்சிருக்கேன்?"

"இருக்கட்டும்ண்ணா. அதுங்களுக்கு வெயிலே தேவலாம்."