மூன்றாம் மாடிக் கார்ப்பெட்

— நான் சொல்றதுல ஒரு எழுத்து பொய்யா இருந்தா இந்த நாக்கு இப்பவே மடங்கிப் போகட்டும், தம்பி. செவ்வாய்க்கிழமை அந்த மூலையில ஒரு ஜோடி செருப்பு விட்டேன். வியாழக்கிழமை பார்த்தா ரெண்டுக்கும் தாடி.

— தாடியா?

— பச்சைத் தாடி. இடது காலுக்குக் கொஞ்சம் நீளம் ஜாஸ்தி.

— பெரியவரே, நான் கார்ப்பெட் கழுவ வந்தவன், கதை கேக்க வரல. மெஷினுக்கு ப்ளக் எங்கன்னு காட்டுங்க. இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கு.

— கழுவறதா? மறுபடியுமா? வேண்டவே வேண்டாம். கழட்டி எடுக்கணும்னு எழுதிக் குடுங்க, அது போதும். பேத்தி மூச்சு விட முடியாம தவிக்கிறாள்னு மனுவுல எழுதியிருந்தேனே.

— எழுதியிருந்ததாலதான் வந்தேன். குழந்தை இருக்கற வீடுன்னு குடியிருப்பு ஆபீஸ்ல முதல்ல எடுத்து வச்சாங்க. இல்லன்னா உங்க பழைய மூணு மனுவோட இதுவும் தூங்கியிருக்கும்.

— தூங்கலியே. மூணுக்கும் பதில் வந்துச்சு. ‘ஜன்னலைத் திறந்து வைக்கவும்.’ மூணுலயும் அதே வரி. நான் ஜன்னலைச் சாத்தியே ரெண்டு வருஷம் ஆச்சு, தம்பி. கொக்கி துருப்பிடிச்சு, இனிமே சாத்தணும்னாலும் முடியாது.

— ஆபீஸ்ல வழக்கமாச் சொல்றதச் சொல்லியிருப்பாங்க. பூசணம் என்ன பெரிய விஷயமா? ஷாம்பு போட்டு ஒரு இழு இழுத்தா ஓடிடும். போன மழைக்கும் இதே வீட்டுல நான்தானே கழுவினேன்?

— மறக்க முடியுமா? அரை மணியில காஞ்சிடும்னு சொல்லிட்டுப் போனீங்க. ஒன்பது நாள் காயல. கால் வச்ச இடமெல்லாம் சளக் சளக். கீழ் வீட்டுக்காரம்மா நான் நீச்சல் பழகறேன்னு நெனச்சுத் திட்ட வந்தாங்க.

— திட்டினாங்களா?

— வாயைத் திறந்தாங்க, தும்மல்தான் வந்துச்சு. பதினேழு தும்மல். அதுக்கப்புறம் திட்டத் தெம்பு இல்லாம இறங்கிப் போயிட்டாங்க.

— நல்ல வாசனை மருந்து அடிச்சுட்டுத்தானே போனேன்?

— அடிச்சீங்களே! நாத்தம் ஒரு பக்கம், ரோஜா ஒரு பக்கம். ரெண்டும் கட்டிப் புரண்டதுல எங்க வீட்டுக் கரப்பான்பூச்சியெல்லாம் குடும்பத்தோட எதிர்வீட்டுக்குக் குடி போயிடுச்சு. பெரிசு ஒண்ணு மட்டும் வாசல்ல நின்னு என்னைத் திரும்பிப் பார்த்துச்சு. ‘நீ வரலியா’ங்கற மாதிரி.

— உங்க வாய்க்குத்தான் முதல்ல மெஷின் போட்டுக் கழுவணும்.

— கழுவுங்க. அதாச்சும் அரை மணியில காயும்.

— தூசி இழுக்கற மெஷின் வச்சிருக்கீங்களா? தினமும் இழுக்கறதுண்டா? வாடகைக்காரங்க சோம்பேறித்தனத்துக்கெல்லாம் ஆபீஸ் பொறுப்பில்ல.

— வச்சிருந்தேன். நூல் இடுக்குல கண்ணுக்குத் தெரியாத பூச்சி இருக்குமே, அதுங்கள ஒரு மணி நேரம் இழுத்துச்சு. அப்புறம் ரெண்டு தும்மல் போட்டுட்டுப் படுத்துடுச்சு. ரிப்பேர்காரர் பிரிச்சுப் பார்த்துட்டு, மோட்டாருக்கு ஜலதோஷம்னாரு.

— பேத்திய டாக்டர்கிட்டயாவது காட்டினீங்களா? இல்ல அவருக்கும் ஜலதோஷமா?

— காட்டினேன். நெஞ்சுல குழாய் வச்சுக் கேட்டுட்டு, உள்ள யாரோ குழல் ஊதறாங்கன்னாரு. கார்ப்பெட்ட எடுக்காம மருந்து குடுத்துப் பிரயோஜனம் இல்ல, இன்னொரு மழைக்காலம் இந்த நெஞ்சு தாங்காதுன்னுட்டாரு. இது கதை இல்ல, தம்பி.

— ம். பேத்தி எங்க?

— பள்ளிக்கூடத்துல. படுத்தா மூச்சு முட்டுதுன்னு பால்கனியில உக்காந்துக்கிட்டே தூங்கறா. மூச்சு விசில் அடிக்குது. முந்தாநாள் வாட்ச்மேன், வண்டி வருதுன்னு நெனச்சு கேட்டைத் திறந்து விட்டுட்டார்.

— அந்த நாற்காலியிலயா? பெரியவங்க சாயற நாற்காலி மாதிரி இருக்கு.

— வளர்ற பொண்ணு.

— சரி சரி, ப்ளக்கைக் காட்டுங்க.

— காட்டறேன். அதுக்கு முன்னாடி சுவரோரம் இடுக்கி போட்டு ஒரு முழம் தூக்கிப் பாருங்க.

— தூக்கறது என் வேலை இல்ல. மேல கழுவறதுதான் என் வேலை.

— எத்தனை வருஷமா கழுவறீங்க?

— பன்னெண்டு.

— பன்னெண்டு வருஷத்துல ஒரு தடவை அடியில பார்த்திருக்கீங்களா?

— எதுக்குப் பாக்கணும்?

— பல்லு விளக்காம உதட்டுக்குச் சாயம் பூசற கூட்டம்னு தெரிஞ்சுதான் கேட்டேன்.

— வார்த்தைய அளந்து பேசுங்க! இந்தா, தூக்கறேன். ஒண்ணும் இல்லன்னா கழுவிட்டுப் போயிட்டே இருப்பேன். அப்புறம் மனு கினுன்னு எழுதவே கூடாது.

— எழுதல.

— ஐயையோ.

— என்ன தம்பி, தாடியா?

— அடிப் பஞ்சு கையோட பிசுபிசுன்னு பிஞ்சு வருது. தரை பூரா கரி பூசின மாதிரி... இன்னும் ஈரம் கோத்துக்கிட்டு இருக்கு.

— இன்னிக்கு நீங்க இன்னும் கழுவவே ஆரம்பிக்கலியே. எங்கேர்ந்து வந்த ஈரம்?

— கொஞ்சம் சும்மா இருங்க. போன மழைக்கு நான் ஊத்தினது. மெஷின் மேல் நூலோட தண்ணியத்தான் இழுக்கும். பஞ்சு குடிச்சதெல்லாம் உள்ளயே... ஹச்!

— தும்முங்க. ஆபீஸ்ல அனுமதி வாங்கியாச்சா?

— ஹச்! பெரியவரே, இந்தக் கட்டடத்துல மட்டும் நாப்பது வீடு இப்படித்தான் கழுவியிருக்கேன்.

— நாப்பது வீட்டுக்கும் ஜன்னலைத் திறக்கச் சொல்லிப் பதில் போயிருக்கும்.

— கிண்டல் பண்ணாதீங்க. என் பொண்ணு வீட்டுலயும் நான்தான் கழுவிக் குடுத்தேன். போன மாசம். அவ கைக்குழந்தைக்காரி.

— அப்ப முதல்ல அங்க போங்க, தம்பி. மெஷின எடுக்காம போங்க.

— போறேன். இத முடிச்சுட்டுப் போறேன். அந்த ஃபாரத்தக் குடுங்க. ‘கழுவினால் போதும்’ங்கறத அடிச்சாச்சு. ‘உடனே கழட்டி அப்புறப்படுத்தவும்.’ கையெழுத்தும் போட்டாச்சு. நாளைக்குக் காலையில ஆள் வரும். உங்க பேத்தி இனிமே வெறும் தரையில படுத்து நிம்மதியாத் தூங்கட்டும்.

— இனிமே யாரும் மாத்த முடியாதே?

— நான் எழுதினா எழுதினதுதான். ஒரே ஒரு கட்டம் பாக்கி இருக்கு. மூச்சு முட்டறவங்களோட வயசு. சொல்லுங்க, பாப்பாவுக்கு எத்தனை?

— எழுபத்தஞ்சு முடிஞ்சு எழுபத்தாறு நடக்குது.