ஆண்டாளுக்கும் பரத்துக்கும் ஒரு கோடு

அந்த நடுவுல இருக்கற பெரிய வட்டம் நானாம்மா? பொன்னின்னு எழுதியிருக்கா? பாரேன், சர்வே எடுக்க வந்து, உப்பு வார்றவளுக்கு டேப்லெட்டு நடுவுல எடம் குடுத்துட்ட. எனக்கு வேண்டியவங்க பேர வெரலால இழுத்து என்னச் சுத்தி வெக்கணும், அதான? இரு, கை பிசுபிசுன்னு இருக்குது, தொடச்சுக்கறேன்.

கிட்டத்துல யாருன்னா ஆண்டாளுதான். ஒட்டியே வெய்யி. கூடை நெறய உப்பு அள்ளிட்டா தனியா தலைக்கு ஏத்திக்க முடியாதும்மா, எதிர்ல ஒருத்தி நின்னு தூக்கி வுடணும். எனக்கு ஆண்டாளு, ஆண்டாளுக்கு நானு. இன்னிக்கிக் காலைல கூட அவதான் தூக்கி வுட்டா.

பேசறதா? ம்... பேசுவோம். கடைசியாப் பேசுனது எப்பன்னு கேக்குதா? இதெல்லாமா கேக்கும்! ஏதோ ஒன்ன அமுக்கிக்கம்மா. வெயில்ல யாரு வாயத் தொறப்பா. அடுத்தது என் தம்பி செல்லப்பன், கிளியனூர்ல இருக்கான். கொஞ்சம் தள்ளி வெய்யி, அவன் பொண்டாட்டி ஒரு மாதிரி.

ஏம்மா, ஆண்டாள் வூட்டுக்குப் போயிட்டுத்தான வர்ற? அவ வட்டத்துல நான் இருந்தேனா? எங்க வெச்சா? சொல்லக்கூடாதா. சரி வுடு, கேட்டது தப்பு.

பரத்தா? ஆமா, ஒரே மவன். வுட்டுடலாம்னு பாத்தேன். போடணுமா? ஓரமா வெய்யி. இன்னும் ஓரமா. மெட்ராஸ்ல எங்கியோ வேல செய்யறானாம். இங்க வராதடான்னு நாந்தான் சொல்லிட்டேன்.

இப்ப என்ன கேக்குது? இவங்கள்ல யாருக்கு யாரத் தெரியும்னா? தெரிஞ்சா கோடு போடுமா? செல்லப்பனுக்கும் பரத்துக்கும் போடு, தாய்மாமன். செல்லப்பனுக்கும் ஆண்டாளுக்கும் போடு.

ஆண்டாளுக்கும் பரத்துக்குமா? அத வுட்டுட்டு மேல போவாதா?

தெரியும்மா. அவ கையால சோறு துன்னு வளந்தவன். அவ பொண்ணு இவன வேணான்னுட்டா. அதுக்கு அந்தப் பொண்ணு போட்டோவ அசிங்கமா மாத்தி, ஊரு வாட்ஸ்அப் குரூப்ல போட்டுட்டான். வேற எடத்துல அவளுக்கு நிச்சயம் பண்ண கல்யாணம் நின்னு போச்சு. அன்னிலேந்து ஆண்டாளு எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. ஆனா என் கூடை நெறஞ்சா வந்து எதிர்ல நிக்கறா. மூஞ்சியப் பாக்காம தூக்கி வுட்டுட்டுப் போயிடறா. எனக்கு வெக்கம் புடுங்கித் துன்னுது. அவ முன்னாடி தலையக் குனிஞ்சுக்கலாம்னா, கூடையோட குனியவும் முடியாதும்மா.

போடு, கோடு போட்டுக்க.