பூனையின் ஐந்தாவது கால்

கோணலாகத் தொங்கும் காலண்டரைப் பார்த்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது, மச்சான். வீட்டு வரைபடம் போடுகிறவன் நான். ஒரு கோடு மயிரிழை விலகினாலும் கை துறுதுறுக்கும். இதை முதலில் சொன்னால்தான் மற்றது உங்களுக்குப் புரியும்.

உங்கள் அப்பா சிறுவர் புத்தகங்களுக்கு வரைந்த பழைய படங்களை மறுபதிப்புக்காகப் பதிப்பகம் கேட்டது. தூசி தட்டி அனுப்பும் வேலையை உங்கள் தங்கை என்னிடம் கொடுத்தாள். படப் பெட்டியைத் திறந்து எடுத்த முதல் படத்திலேயே பூனைக்கு ஐந்து கால். மாமா ஒவ்வொரு படத்திலும் வேண்டுமென்றே ஒரு பிசகு வைப்பார், பிள்ளைகள் அதைத் தேடிக் கண்டுபிடித்துக் கூத்தாடுவார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் ஐந்து கால், மச்சான். பிளேடால் மெல்லச் சுரண்டி, மேலே வெள்ளை வண்ணம் தடவினேன். பூனை நிம்மதியாக நின்றது.

அப்புறம் சூரியனை நோக்கியே விழுந்திருந்த நிழலைத் திருப்பினேன். கதவே இல்லாத வீட்டுக்குக் கதவு வைத்தேன். உள்ளே இருக்கும் கரடி வெளியே வர வேண்டாமா? கொஞ்ச நாளில் பெட்டி முழுவதும் சரியாகிவிட்டது.

மாமாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை. படத்தை மூக்குக்கு நேரே பிடித்தாலும் நிறம் மட்டும்தான் தெரியும். "மாப்பிள்ளை, அந்த அஞ்சு கால் பூனை பத்திரமா இருக்கா?" என்று ஒரு நாள் கேட்டார்.

"இருக்கிற காலை வச்சுக்கிட்டு நல்லா நிக்குது மாமா" என்றேன். அது பொய்யில்லை.

கண் ஆபரேஷனை இரண்டு முறை தள்ளிப்போட்டதும் நான்தான். டாக்டரிடம் மாமாவுக்குச் சளி என்றேன். மாமாவிடம் டாக்டர் ஊரில் இல்லை என்றேன். வண்ணம் நன்றாகக் காய வேண்டாமா?

அடுத்த முறை என்னிடம் மூச்சு விடாமல் உங்கள் தங்கை அவரை அழைத்துப்போய்விட்டாள். கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும் மாமா அந்தப் பெட்டியைத்தான் கேட்டார். ஒவ்வொரு படமாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். பூனையின் கால்களை விரல் வைத்து எண்ணினார். மறுபடியும் எண்ணினார். கடைசிப் படம் வரை எதையோ தேடிக்கொண்டே போனார். பிறகு எல்லாவற்றையும் ஒழுங்காக அடுக்கி என் பக்கம் தள்ளினார்.

"ரொம்பச் சுத்தமா இருக்கு மாப்பிள்ளை. யாரு வரைஞ்சது?"

"நான்தான் மாமா" என்றேன். கேட்ட உடனே சொல்லிவிட்டேன். அப்படியும் நான் மறைத்துவிட்டேன் என்று உங்கள் தங்கை என்னோடு பேசாமல் இருக்கிறாளே, நியாயமா மச்சான்?